புதிய தலை, பழைய வால்

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் 29987 என்ற எண்ணில் ஒரு தோல் ஏடு இருக்கிறது. 1400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியில் எழுதப்பட்டது. ஒரு காலத்தில் ஃப்ளாரன்ஸின் மெதிச்சி குடும்பத்தார் கையில் இருந்தது. அவர்களுடைய குலச்சின்னம் அதில் வரையப்பட்டிருக்கிறது. ஏட்டின் பெரும்பகுதி இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து பாட வேண்டிய பாட்டுகள். கண்பார்வை இல்லாத ஆர்கன் கலைஞர் ஃப்ரான்செஸ்கோ லாந்தினியின் பாட்டுகளும் அவற்றில் உண்டு. அந்தக் கூட்டத்துக்குள் சொல்லும் இல்லாமல், துணைக்குரலும் இல்லாமல், ஒற்றை வரியாகப் பதினைந்து மெட்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன.

எட்டு இஸ்தம்பித்தாக்கள், நான்கு சல்தரெல்லோக்கள், ஒரு த்ரொத்தோ (மூன்றும் மெட்டு வகைகளின் பெயர்கள்), பெயர் வைத்த இரண்டு தனித் துண்டுகள். இஸ்தம்பித்தாக்களுக்கு அழகான பெயர்கள்: இசபெல்லா, த்ரே ஃபொந்தானே, பர்லமெந்த்தோ, கெயெத்தா. தனித் துண்டுகளில் ஒன்றின் பெயர் ‘லமெந்த்தோ தி த்ரிஸ்தானோ’, த்ரிஸ்தானின் புலம்பல். எந்தக் கருவியில் வாசிக்க வேண்டும் என்று ஏட்டில் இல்லை. வேகம் இல்லை. எங்கே மூச்சு எடுக்கலாம் என்ற குறிப்பு இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் கருவியிசை பெரும்பாலும் கேட்டு மனப்பாடம் செய்து கைமாறியது. ஏட்டில் ஏறியது அபூர்வம். அதனால்தான் இந்தப் பதினைந்தும், பாரிஸில் ‘அரசரின் ஏடு’ என்ற பாட்டுத் தொகுப்பின் வெற்றுப் பக்கங்களில் பிற்பாடு யாரோ எழுதிச் சேர்த்த சில எஸ்தம்பிகளும் (இஸ்தம்பித்தாவின் பிரெஞ்சுப் பெயர் அது), இன்றைய இசைக்காரர்களுக்குப் பெரும் சொத்து.

நான் ரெக்கார்டர் வாசிப்பவள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் அதைக் கற்றுக்கொடுப்பவள். வாய்க்கு நேராகப் பிடித்து ஊதும் குழல் அது. முன்னால் ஏழு துளை, பின்னால் இடது பெருவிரலுக்கு ஒரு துளை. நம் ஊர்ப் பள்ளிகளில் சிலவற்றில் மேல்நாட்டு இசை வகுப்புக்காகப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழல் இதன் பேரப்பிள்ளை. என் மாணவர்களுக்காகவும் எனக்காகவும் இந்தக் குழல் ஒன்றுக்கு மட்டும் துண்டுகள் எழுதுகிறேன். எழுதும்போதெல்லாம் அந்த லண்டன் ஏட்டுக்குத்தான் போகிறேன். ஏன் அங்கே போக வேண்டும், போனால் எதை எடுத்து வர வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்தக் குழலின் பிடிவாதத்தைச் சொல்ல வேண்டும். காற்று போகும் வழி மரத்திலேயே செதுக்கி, ஓர் அடைப்புக் கட்டையால் மூடப்பட்டிருக்கிறது. உதட்டால் அதை அகலப்படுத்தவோ குறுக்கவோ முடியாது. மெல்ல ஊதினால் சுருதி இறங்கும், அழுத்தி ஊதினால் ஏறும். ஒரு சுரத்தைச் சன்னமாகத் தொடங்கி வளர்த்துப் பிறகு தேய்ப்பது குரலுக்கும் வயலினுக்கும் இயல்பு. இங்கே அதற்கு விரல்களில் ஏதாவது உபாயம் செய்தாக வேண்டும். சாதாரணமாக ஊதினால் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் வராது. பின்னால் தாளமோ தம்பூராவோ இல்லாமல் இப்படிப்பட்ட குழல் ஐந்து நிமிடம் தனியாகப் பேசினால் கேட்பவர் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? தனிக்குழலுக்கு எழுத உட்காரும் எவருக்கும் எதிரே நிற்கும் கேள்வி இதுதான்.

இதற்குப் பதில் 1300 வாக்கிலேயே எழுதப்பட்டுவிட்டது. பாரிஸில் வாழ்ந்த யொஹான்னஸ் தே க்ரொகேயோ என்பவர் தம் ஊரில் புழங்கிய இசை வகைகளைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். இசையைப் பற்றி எழுதிய அக்காலத்துப் பலரும் கோவில் இசையையும் கணக்கையும் விட்டு இறங்காதபோது, இவர் தெருவில், விருந்தில், பணக்காரர் வீட்டில் என்ன ஒலித்தது என்று கவனித்தார். எஸ்தம்பியை அவர் வருணிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சொல்லில்லாத இசை, கடினமானது, பகுதி பகுதியாகக் கட்டப்பட்டது. அந்தக் கடினத்தாலேயே வாசிப்பவரின் மனமும் கேட்பவரின் மனமும் அதில் கட்டுண்டு, பணக்காரர்களின் புத்தி கெட்ட நினைவுகளிலிருந்து விலகுகிறது என்கிறார். இதில் வல்லவர் என்று தஸ்ஸின் என்ற ஒருவரின் பெயரையும் சொல்கிறார். நல்ல ஃபிடில்காரன் எல்லா வகை இசையையும் வாசிப்பான் என்று அவர் உயர்த்திப் பிடிக்கும் கருவி ஃபிடில்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. எஸ்தம்பி ரெக்கார்டருக்கென்று பிறந்ததல்ல.

அவர் சொல்லும் கட்டுமானம் இது. ஒவ்வொரு பகுதியும் இரண்டு முறை வாசிக்கப்படும். முதல் முறை அதன் முடிவு இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். இரண்டாம் முறை ஆதார சுரத்தில் வந்து அமரும். முதலாவதைத் திறந்த முடிவு என்றும் இரண்டாவதை மூடிய முடிவு என்றும் ஏட்டிலேயே குறித்திருப்பார்கள். அடுத்த பகுதி முற்றிலும் வேறு இடத்தில் தொடங்கும்; ஆனால் எங்கே சுற்றினாலும் கடைசியில் அதே இரண்டு முடிவுகளில்தான் வந்து சேர வேண்டும். தலை மாறிக்கொண்டே இருக்கும், வால் மாறாது. சரணம் எந்த வழியில் போனாலும் பல்லவிக்குத் திரும்புவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். வித்தியாசம் ஒன்று உண்டு. பல்லவி தன்னை முதலிலேயே அறிவித்துக்கொள்ளும். எஸ்தம்பியின் வாலோ முதல் பகுதியில் சாதாரணமாகக் கடந்து போகும். இரண்டாவது, மூன்றாவது பகுதியில் மறுபடி வரும்போதுதான் இது நமக்குத் தெரிந்த இடம் என்று காது கண்டுகொள்ளும். அந்த அடையாளம் காணும் கணத்துக்காகக் காது காத்திருக்கத் தொடங்கிவிட்டால் ஒற்றைக் குழல் ஜெயித்துவிட்டது. சத்தம் ஏற வேண்டியதில்லை, துணை வேண்டியதில்லை.

லண்டன் ஏட்டின் இஸ்தம்பித்தாக்கள் இதை எல்லைவரை இழுத்துப் பார்க்கின்றன. பகுதிகள் நீண்டுகொண்டே போகின்றன, ஒரே சுரக்கோவையை ஒவ்வொரு படியாக இறக்கி இறக்கிப் பார்க்கின்றன, வால் வராமலே போய்விடுமோ என்று கேட்பவரைக் காக்க வைக்கின்றன. இந்த அலைச்சலில் அரபு, துருக்கிய இசையின் சாயலைக் கண்ட ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அந்த வாதத்தைவிட, ஆறு நூற்றாண்டுக்கு முன் ஒருவர் கேட்பவரின் பொறுமையை இவ்வளவு நுட்பமாக அளந்து வைத்திருக்கிறார் என்பதுதான் பெரிதாகப் படுகிறது.

அதே ஏட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ‘லமெந்த்தோ’வுக்குப் பின்னால் உடனே ‘ரொத்தா’ என்ற தலைப்பில் ஒரு துண்டு வருகிறது. இன்னொரு தனித் துண்டான ‘லா மன்ஃப்ரெதினா’வுக்கும் அப்படியே ஒரு ரொத்தா. முந்தைய மெட்டின் எலும்பை வைத்துக்கொண்டு நடையை மாற்றி, சுரங்களை உடைத்து, வேகமாக ஓடும் மறுவடிவம் அது. புலம்பலின் அதே வளைவுகள் ரொத்தாவில் காலைத் தூக்கி ஆடுகின்றன. ஆக, பழைய மெட்டிலிருந்து புதியதைச் செய்வது எப்படி என்று காட்டும் செய்முறை, மெட்டோடு மெட்டாக அந்த ஏட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இதைப் பார்த்த பிறகு, இடைக்கால மெட்டைத் தொட்டுப் புதிதாக எழுதலாமா, அது மரபுக்கு இழுக்கில்லையா என்று என்னிடம் யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தின் நகலைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

இதற்கும் முன்னால் போனால் ரெம்போ தே வக்கேராஸ் என்ற த்ரூபதூர் கவிஞர் இருக்கிறார். இத்தாலியின் மொன்ஃபெராத்தோ அரசவைக்கு வந்த இரண்டு பிரெஞ்சுக் கலைஞர்கள் ஃபிடிலில் ஓர் எஸ்தம்பி வாசித்தார்களாம். வாடி உட்கார்ந்திருந்த ரெம்போவை அரச குலப் பெண் பெயாத்ரிஸ் பாடச் சொல்ல, அவர் அந்த மெட்டுக்கே சொல் கட்டி ‘கலெந்தா மாயா’வைப் பாடினாராம். 1200-ஐ ஒட்டி நடந்ததாகப் பழைய உரைக்குறிப்பு ஒன்று சொல்லும் கதை. கதை எவ்வளவு உண்மையோ, அப்படியொரு கதையைச் சொல்ல அந்தக் காலத்தவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. பிறர் வாசித்த மெட்டை எடுத்துத் தன் வேலையைச் செய்வதை அவர்கள் குறையாக நினைக்கவில்லை.

சரி, அந்தக் காலத்தில் ரெக்கார்டர் இருந்ததா? இருந்தது. அதை நமக்குக் காத்துக் கொடுத்தவை அகழிகளும் கழிப்பறைக் குழிகளும்தான். காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மரம் அழுகாது. மேலே, மாளிகைகளில் பத்திரமாக வைத்தவையெல்லாம் மண்ணாகிப் போயின, சேற்றில் விழுந்தவை பிழைத்தன. 1940-இல் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரின் ஓரத்தில் மெர்வேட என்ற கோட்டையின் அகழியைத் தோண்டியபோது ஒரு குழல் கிடைத்தது. கோட்டை 1418-இல் முற்றுகையில் சிதைந்தது; 1421-இன் பெருவெள்ளம் அந்த வட்டாரத்தையே மூழ்கடித்தது. குழல் அதற்கு முந்தையது. உடைந்து நிற்கும் கோட்டைச் சுவர் இன்றும் அங்கே இருக்கிறது. 1987-இல் ஜெர்மனியின் கொட்டிங்கனில் ஒரு பழைய வீட்டுக் கழிப்பறைக் குழியிலிருந்து 14-ஆம் நூற்றாண்டுக் குழல் ஒன்று வந்தது. 2005-இல் எஸ்தோனியாவின் தார்துவில் இன்னொன்று: மேப்பிள் மரத்தில் உடல், பிர்ச் மரத்தில் அடைப்பு. அதுவும் கழிப்பறைக் குழியிலிருந்துதான்.

மூன்றுமே சுமார் 25 முதல் 27 சென்டிமீட்டர் நீளம். இன்றைய சொப்ரானோ ரெக்கார்டரைவிடக் குட்டை. டோர்ட்ரெக்ட் குழலின் கடைசித் துளை இரட்டையாகப் போடப்பட்டிருக்கிறது. இடது கையைக் கீழே வைப்பவரும் வாசிக்கலாம், வலது கையைக் கீழே வைப்பவரும் வாசிக்கலாம். வேண்டாத துளையை மெழுகால் அடைத்துக்கொள்வது அக்கால வழக்கம். அதன் உட்குழல் நேர் உருளை. பின்னால் வந்த பரோக் ரெக்கார்டர்களில் உட்குழல் அடி நோக்கி ஒடுங்கும்; அதனால் மேல் ஸ்தாயி சுலபமாகப் பேசும். உருளைக் குழலுக்குக் கீழ் சுரங்களில்தான் பலம். அப்படிச் செய்த நகல் ஒன்றை வாசித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் ‘லமெந்த்தோ’ அதில் எவ்வளவு நிம்மதியாக உட்காருகிறது என்பது என் விரல்களுக்குத் தெரிந்தது. இந்த மெட்டைக் குழலில் வாசித்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது. வாசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதற்குச் சான்று.

என் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். யாகொப் ஃபான் ஐக். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். 1625-இல் உட்ரெக்ட் தோம் கோபுரத்தின் மணியிசைக் கலைஞராக அமர்த்தப்பட்டார். மணி வார்ப்பின் ஒலி ரகசியம் அவருக்குத் தெரியும்: ஒரு மணிக்குள் எத்தனை சுரங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை, மணியைத் தொடாமலே, எதிரே நின்று சீட்டியடித்து அந்தந்தச் சுரத்தை அதிர வைத்துக் காட்டுவார். தத்துவஞானி தெகார்த்தே தம் கடிதம் ஒன்றில் உட்ரெக்டின் இந்தப் பார்வையற்ற மனிதரைப் பற்றி எழுதும் அளவுக்கு அது பேசப்பட்டது. மணி வார்ப்பவர்களான ஹெமொனி சகோதரர்களோடு சேர்ந்து 1644-இல் ஜுத்ஃபென் நகரத்துக்கு அவர் உருவாக்க உதவிய மணித்தொகுதிதான் சுருதி சுத்தமாகச் சேர்க்கப்பட்ட முதல் மணித்தொகுதி என்று சொல்கிறார்கள்.

அதே 1644-இல்தான் ஆம்ஸ்டர்டாமில் அவருடைய ரெக்கார்டர் துண்டுகள் அச்சேறத் தொடங்கின. ‘டெர் ஃப்ளாய்தென் லுஸ்த்ஹோஃப்’ என்ற அந்தத் தொகுப்பில் ஏறக்குறைய நூற்றைம்பது துண்டுகள், பெரும்பாலும் ஒற்றைக் குழலுக்கு. பார்வையற்றவர் வாசித்துக் காட்டவோ சொல்லவோ, யாரோ எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலான துண்டுகளுக்கு ஒரே முறை: ஊருக்குத் தெரிந்த ஒரு பாட்டை முதலில் அப்படியே வாசிக்கிறார்; பிறகு அதே பாட்டின் நீண்ட சுரங்களை இரண்டாக உடைக்கிறார், நான்காக உடைக்கிறார், எட்டாகப் பொடிக்கிறார். பாட்டு மறைந்து போனதாகத் தோன்றும், ஆனால் பாட்டுக்குள்தான் ஓடிக்கொண்டிருப்பார். ஆங்கிலேய இசையமைப்பாளர் டவ்லண்டின் கண்ணீர்ப் பாட்டு, இத்தாலியர் கச்சீனியின் ‘அமரில்லி’, தேவாலயச் சங்கீதங்கள், நாடகப் பாட்டுகள், எதையும் விடவில்லை.

அவற்றுள் ஒன்று ‘பூயெர் நோபிஸ் நாஸ்கித்தூர்’. பாலன் பிறந்தான் என்ற கிறிஸ்துமஸ் பாட்டு. 15-ஆம் நூற்றாண்டின் ஏடுகளில் ஏற்கெனவே காணப்படும் மெட்டு அது. ஃபான் ஐக் அதை எடுத்து ஒற்றைக் குழலுக்கு மாற்றுருவங்கள் எழுதியிருக்கிறார். இடைக்காலப் பாட்டைக் கொண்டு தனி ரெக்கார்டருக்குப் புதிய இசை எழுதும் பழக்கம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு துண்டை வாசித்துப் பார்த்தால் போதும்.

1649-இல் உட்ரெக்டின் யான்ஸ் தேவாலயத்தார் அவருடைய ஆண்டுச் சம்பளத்தை 80 கில்டரிலிருந்து 100 ஆக்கினார்கள். ஒரு நிபந்தனை போட்டார்கள்: மாலை வேளைகளில் அவ்வப்போது கோவில் முற்றத்தில் உலாவ வருபவர்களைத் தன் சிறு குழலால் மகிழ்விக்க வேண்டும். அந்த முற்றம், யான்ஸ்கெர்க்ஹோஃப், இன்று சனிக்கிழமைகளில் பூச்சந்தை கூடும் இடம். ஒரு பொது வெளியில், நடமாடும் கூட்டத்தின் நடுவே, ஒற்றை ஆள் ஒற்றைக் குழலோடு நின்றால் அவரால் என்ன வாசிக்க முடியும்? கூட்டத்துக்குத் தெரிந்த பாட்டில் தொடங்கினால்தான் காலடி நிற்கும். தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குக் கூட்டிப்போவது என்ற ஃபான் ஐக்கின் முறை அந்த முற்றத்தின் தேவையிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். தலையைப் பழையதாக வைத்துக்கொண்டு வாலைப் புதிதாக்குகிறார். எஸ்தம்பியைத் திருப்பிப் போட்ட மாதிரி. இரண்டிலும் கேட்பவரின் நினைவுதான் துணைவாத்தியம்.

18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் குறுக்குக் குழல் ரெக்கார்டரை ஓரங்கட்டியது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுக் கதையில் எனக்கு அதிக ஆர்வம் இல்லை. இங்கிலாந்தில் ஆர்னல்ட் டால்மெச் பழைய கருவிகளைச் சேர்த்து வைத்தவர்; 1919-இல் அவருடைய பழைய ரெக்கார்டர் இருந்த பை லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் தொலைந்து போக, அளவுக் குறிப்புகளை வைத்து அவரே புதிதாகச் செய்யத் தொடங்கினார். குழல் திரும்பி வந்தது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. பிள்ளைகளின் கருவி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரை உடைத்தவர் ரெக்கார்டர் கலைஞர் ஃப்ரான்ஸ் ப்ருகென். அவருக்காக 1966-இல் இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோ எழுதிய ‘ஜெஸ்தி’யில் வாயும் விரலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியே இயங்கும். மிக்கேல் ஃபெட்டர் போன்றவர்கள் ஒரே விரல்பிடியில் பல சுரம் ஒலிக்க வைப்பது, ஊதிக்கொண்டே பாடுவது என்று குழலின் மறைந்த அறைகளையெல்லாம் திறந்தார்கள். அந்தத் தலைமுறை பழைமையை விட்டு ஓடத்தான் இதைச் செய்தது. ஆனால் ஊதிக்கொண்டே முனகுவதை அவர்கள் கையளித்ததால்தான், இன்று ஒரே ஆள் ஆதார சுருதியும் பிடித்து மெட்டும் வாசிக்க முடிகிறது. இடைக்கால மெட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு வேறில்லை.

அதே ஆண்டுகளில் இன்னொரு பக்கம் தாமஸ் பிங்க்லியின் இடைக்கால இசைக்குழு 1960 முதல் மியூனிக்கில் இயங்கியது. ஏட்டில் இருப்பது எலும்புதான் என்று அவர்கள் கருதி, வட ஆப்பிரிக்காவின் அந்தலூசிய இசையைக் கேட்டு, முன்னிசையும் இடையிசையும் கட்டி நீண்ட நிகழ்ச்சிகள் செய்தார்கள். இடைக்காலத்தில் இப்படி வாசித்ததற்கு ஆதாரம் எங்கே என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம். புதிதாகச் செய்ததைப் பழையது என்ற பெயரில் மேடையேற்றினால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். எழுதியவர் பெயரையும் ஆண்டையும் போட்டு, இது புதியது, இன்ன மெட்டிலிருந்து முளைத்தது என்று சொல்லிவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை. மீட்டெடுப்பு என்ற பெயரைவிடப் புதுப் படைப்பு என்ற பெயர் நேர்மையானது. எஸ்தோனியாவின் இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் 1970-களின் நடுவில் அதைத்தான் செய்தார். ஆண்டுக்கணக்காகத் தேவாலயப் பழம்பாடலையும் ஆரம்பகாலப் பலகுரல் இசையையும் படித்துவிட்டு, அவற்றைப் போலச் செய்யாமல், அவை அடுக்கப்பட்ட முறையைக் கற்றுத் தன் இசையை எழுதினார். 1977-இல் அவர் எழுதிய ‘ஆர்போஸ்’ ஏழு ரெக்கார்டர்களுக்கும் மூன்று முக்கோண மணிகளுக்கும் ஆனது. தனிக்குழல் இல்லைதான், ஆனால் அவர் எடுத்துக்கொண்டது என்ன, விட்டது என்ன என்பதில் தனிக்குழலுக்கு எழுதுபவருக்கும் பாடம் உண்டு. பிரான்ஸின் பியேர் ஆமோன் இடைக்கால இசையை ரெக்கார்டரில் வாசிப்பவர், ஹரிபிரசாத் சௌராசியாவிடம் பான்சுரி கற்றவர். அவர் வாசிப்பில் ஒரு சுரம் எவ்வளவு நேரம் உயிரோடு நிற்கலாம் என்பதைக் கேட்டிருக்கிறேன்.

இன்று இடைக்காலச் சாயல் என்ற பெயரில் எழுதப்படும் தனிக்குழல் துண்டுகள் பலவற்றில் எனக்கு மனக்குறை உண்டு. டோரியன் என்ற பழைய சுரப்படிகளை எடுத்துக்கொள்கிறார்கள், நீண்ட ஆதார சுருதி வைக்கிறார்கள், கல் மண்டபத்தில் பதிவு செய்கிறார்கள். வாசனை வந்துவிடுகிறது. கட்டுமானம் வருவதில்லை. எங்கே திரும்ப வேண்டும் என்று காதுக்கு எதுவும் தெரியாததால் இரண்டாவது நிமிடத்தில் துண்டு கரைந்து போகிறது. மெட்டின் மணத்தை விட்டுவிட்டுக் கட்டுமானத்தை எடுத்துக்கொண்டால், எந்தப் படியில் எழுதினாலும், எவ்வளவு நவீனமாக எழுதினாலும் அது அந்த ஏட்டின் பிள்ளையாகவே இருக்கும்.

என் வேலையை வைத்தே சொல்கிறேன். ‘லமெந்த்தோ’வின் திறந்த முடிவையும் மூடிய முடிவையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். தலைகள் எல்லாம் என்னுடையவை. முதல் பகுதியின் தலை மூன்றே சுரம். கேட்பவர் வாலைக் கவனிக்காமல் கடந்துபோக வேண்டும் என்பதால் அந்தத் தலையை மிகச் சாதாரணமாக வைத்தேன். இரண்டாவது பகுதி ஐந்தாம் சுரத்துக்குத் தாவித் தொடங்கி, வாலுக்கு இறங்கும் வழியைத் தேடிக் கொஞ்சம் திணறும். மூன்றாவது பகுதியில் வாசிப்பவர் டி சுரத்தை முனகிக்கொண்டே ஊத வேண்டும். குரலும் குழலும் நெருங்கும் இடங்களில் காற்று அதிரும், அந்த அதிர்வைத் தாளமாக எண்ணி அடுத்த சுரத்துக்கு நகர வேண்டும். நான்காவதில் தலை முழுக்க உடைந்த சுரக்கோவைகள், நடுநடுவே வெற்று இடைவெளி. வால் வரும்போது மட்டும் மூச்சு உடையக் கூடாது. அங்கே மூச்சுக்குறி போடுவதற்குப் பதில், அதற்கு முன்னால் தாராளமாக மூச்சு எடுக்க ஓர் ஓய்வை எழுதினேன்.

சுருதி விஷயத்தில் நான் கறார். இடைக்காலத்தின் கணக்கு சுத்தமான ஐந்தாம் சுரங்களை அடுக்கிப் பெற்றது. அதில் ஈ-க்கும் எஃப்-க்கும் இடையே, சென்ட் என்ற சுர இடைவெளி அலகில், 90தான். இன்றைய பியானோவில் 100. எஃப்-ஐ வாசிக்கும்போது கீழே ஒரு விரலைத் துளைக்கு மேல் நிழலாக நிறுத்தி ஒரு மயிரிழை தாழ்த்தினால், ஈ அதை நோக்கி நிமிர்ந்து நிற்கிறது. மெட்டுக்கு ஒரு கூர்மை கிடைக்கிறது. டி-யை ஷட்ஜமாக வைத்தால் இந்த மெட்டின் படிகள் கரகரப்பிரியாவின் படிகளோடு ஒத்துப்போகும் என்பது தமிழ்க் காதுகளுக்கு உடனே தெரியும். காந்தாரத்தை அசைக்க விரல் தானாகத் துடிக்கும். என் துண்டில் நான் அதை அனுமதிப்பதில்லை. கர்நாடக சங்கீதம் எனக்கு அந்நியமில்லை. அதன் மேல் உள்ள மரியாதையால்தான். அசைத்த காந்தாரம் தன் ராகத்தைக் கேட்கும், ராகம் வந்துவிட்டால் அந்த வாலுக்கு இடமிருக்காது.

எழுதி முடித்த தாளில் ரொத்தாவுக்கு நான் எதுவும் எழுதவில்லை. நான்கு பகுதிக்குக் கீழே ‘ரொத்தா’ என்று தலைப்பு மட்டும் போட்டு, வெற்று ஐங்கோடுகளை அச்சிட்டேன். வாசிப்பவரே தன் ரொத்தாவைச் செய்துகொள்ள வேண்டும்: எலும்பு மாறக் கூடாது, நடை மாற வேண்டும், வால் தெரிய வேண்டும். ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர் என்னிடம் படிக்கிறார். அவர் என் மூன்றாவது தலையை எடுத்து, ஐந்து எண்ணிக்கையில் நடக்க வைத்து, வாலை ஏட்டில் இருப்பதைவிட ஒரு சுரம் முன்னதாகவே நிறுத்திவிட்டார். திறந்த முடிவு இருக்கிறது, மூடிய முடிவு எங்கே என்று கேட்டேன். அது அடுத்து வாசிப்பவருக்கு என்றார். அதைத் திருத்தாமல் என் தாளின் அடுத்த அச்சில் அவருடைய ரொத்தாவையும் சேர்த்திருக்கிறேன்.